சுனாமிச் சட்டத்துக்குள் ஒரு மான்

2004 சுனாமி நிவாரணத்துக்கு அமெரிக்கா பணம் ஒதுக்கியதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதலாம் என்று, 2005 மே 11 அன்று கையெழுத்தான சட்டத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சட்டத்தின் பெயரிலேயே சுனாமி நிவாரணம் இருக்கிறது. உள்ளே பெரும்பங்கு போர்ச் செலவு. 6036-ஆவது பிரிவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். வேட்டை, மீன்பிடிப்பு விஷயத்தில் உள்ளூர்க்காரரையும் வெளிமாநிலத்தவரையும் வேறுவேறாக நடத்த மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்கிறது அது. சுனாமிக்கும் மானுக்கும் என்னங்க சம்பந்தம்?

எழுத வந்ததை ஓரம் வைத்துவிட்டு இதைத் துருவ ஆரம்பித்தேன்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் என்றொரு மான் உண்டு. நம்ம கடமானைவிடப் பெரியது. இந்தப் பகுதியில் இந்த வருஷம் இத்தனைதான் சுடலாம் என்று மாநிலத்தின் வனவிலங்குத் துறை வரம்பு வைக்கும். ஒரு விலங்குக்கு ஒரு சீட்டு, அதன் பெயர் 'டேக்'. கேட்பவர்கள் அதிகமாக இருக்கும் இடத்தில் குலுக்கல். பல இடங்களில் வேட்டை நடக்கும் நிலம் மத்திய அரசுடையது, நாட்டு மக்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் அதில் மேயும் மானை நிர்வகிப்பது மாநிலம். சண்டையின் வேர் இங்கேதான்.

நீதிமன்றம் இதை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறது. 1948-இல் வந்தது இறால் வழக்கு. தெற்கு கரோலினா உள்ளூர்ப் படகுக்கு 25 டாலரும் வெளிமாநிலப் படகுக்கு 2,500 டாலரும் உரிமக் கட்டணம் வைத்தது. இது பிழைப்பு, தடுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1978-இல் மொன்டானா வழக்கு. எல்க் வேட்டையாட உள்ளூர்க்காரருக்கு 9 டாலர் போதும். வெளியாள் 225 டாலர் கொடுத்து கூட்டு உரிமம் வாங்கியாக வேண்டும். இது பொழுதுபோக்குதானே, பரவாயில்லை என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு. நீதிபதி பிளாக்மன் எழுதியது.

2002-இல் கதை திரும்பியது. அரிசோனா, ஆண் எல்க் டேக்குகளில் வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீதம்தான் என்று உச்சவரம்பு வைத்திருந்தது. நியூ மெக்சிகோவைச் சேர்ந்த தொழில்முறை வேட்டை வழிகாட்டிகள் வழக்குப் போட்டார்கள். கொம்பும் தோலும் எல்லை தாண்டி விலைபோகின்றன, ஆக இது வணிகம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2004-இல் அந்த வரம்பு செல்லாது என்றாகிவிட்டது.

அதே மான், அதே துப்பாக்கி. பிழைப்பா, பொழுதுபோக்கா, வணிகமா? எந்தச் சொல்லை ஒட்டுகிறோமோ அதுதான் தீர்ப்பு.

மாநிலங்கள் பதறின. மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் காங்கிரஸின் அதிகாரம். காங்கிரஸே 'எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று சொல்லிவிட்டால் நீதிமன்றத் தடை நிற்காது. நெவாடா செனட்டர் ஹாரி ரீட் அப்படி ஒரு மசோதா கொண்டுவந்தார். போர்ச் செலவுக்கான மசோதாவைத் தோற்கடிக்க யாருக்கும் மனசு வராது. ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுகிற மாதிரி அதில் இதையும் ஏற்றிவிட்டார்கள். அடையாள அட்டைகளுக்கான ரியல் ஐடி சட்டமும் அதே பஸ்தான்.

உள்ளூர்க்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. குளிர்காலத்தில் எல்க் கூட்டம் வந்து தின்பது அவர் பக்கத்து வைக்கோலைத்தான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. பங்கை முடிவு செய்யும் சட்டமன்றத்தில் வெளியாளுக்கு ஓட்டு கிடையாது. அவருக்கு இருந்த ஒரு கதவு நீதிமன்றம். அதைச் சாத்தியது, விவாதமே பெரிதாக நடக்காத ஒரு பிரிவு.

இன்று நியூ மெக்சிகோ சட்டத்தில் குலுக்கல் பங்கு இது: உள்ளூர்க்காரருக்கு 84 சதவீதம், வழிகாட்டியை அமர்த்திக்கொள்பவருக்கு 10, தனியாக வரும் வெளியாளுக்கு 6. ஆமாம், அரிசோனாவின் 10 சதவீதம் அநியாயம் என்று வழக்குப் போட்டவர்களின் அதே மாநிலம்தான்!

சுனாமிக் குறிப்பு இன்னும் பாக்கி. அடுத்து அதை எழுதுகிறேன்.