ஜூன் 12

அப்பாவுக்குக் காலைப் பேப்பர் என்றால் மேட்டூர் அணை நீர்மட்டம்தான். மற்ற செய்தியெல்லாம் அதற்கப்புறம். மே கடைசியில் 90 அடிக்கு மேல் நின்றால் குறுவை விதைநெல்லை எடுத்துக் காயப்போடச் சொல்வார். குறைந்திருந்தால், "சம்பாவுக்குப் பாத்துக்கலாம்" என்பதோடு சரி. தாராசுரத்தில் எங்கள் நிலத்துக்கு அரசலாற்றுப் பாய்ச்சல்.

மேட்டூர் அணைக்கு முன்னால் அந்தக் கணக்கே கிடையாது. குடகில் மழை இறங்கினால் ஆற்றில் தண்ணீர். கல்லணையும், ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணையும் வந்த தண்ணீரைப் பிரித்துவிடும், பிடித்து வைக்காது. 1924 பிப்ரவரியில் மைசூரும் சென்னை மாகாணமும் காவிரி நீர் ஒப்பந்தம் போட்டன. அந்த ஜூலையிலேயே காவிரி பெருவெள்ளமாக வந்து பார்த்துவிட்டுப் போனது. 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934 ஆகஸ்ட் 21-இல் திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆளுநர் பெயரில் ஸ்டான்லி நீர்த்தேக்கம். எங்கள் பக்கம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் வயலுக்காக மேட்டூரில் ஊர்கள் முழுகின. மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பேப்பரில் அந்தப் படம் வந்தால் குறுவை போச்சு என்று அர்த்தம்.

மேட்டூர் திட்டத்தில்தான் கல்லணைக் கால்வாயை வெட்டி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் புது ஆயக்கட்டைச் சேர்த்தார்கள். பழைய ஆயக்கட்டுக்காரர்களுக்கு அதில் இன்னும் முணுமுணுப்பு உண்டு. எனக்கில்லை, அங்கேயும் வயிறுதானே. என் குறை வண்டல் பற்றியது. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் அணையிலேயே படிகிறது. நாங்கள் யூரியா மூட்டை சுமக்கிறோம்.

மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நாளாவது ஆகும். அப்புறம் முறை வைத்து விடுவார்கள். லஸ்கர் மதகுத் திருகைச் சுற்ற, பலகை முனகிக்கொண்டே மேலேறும். முதல் தண்ணீர் நுரையும் சருகும் செருப்புமாகத் தள்ளிக்கொண்டு வரும். அதை வயலில் விடாமல் வடிகாலுக்குத் திருப்புவோம்.

2018 காவிரித் தீர்ப்புப்படி எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வரவேண்டும், ஜூன் பங்கு 9.19 மட்டுமே. அதை நம்பி, வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறக்க முடியாது, போன வருஷ இருப்பு வேண்டும். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-இல் ஜூன் 12-இல் திறந்து அக்டோபரில் மூடினார்கள். 2024-இல் ஜூலை 28. அந்த வருஷம் போர்செட் வைத்திருந்தவர்கள் குறுவை நட்டோம். பக்கத்து வரப்புக்காரர் ஆவணி வரைக்கும் ஏர் பூட்டவில்லை.