போஸ்ட் கார்டில் ஒரு பேரேடு

பீர்க்கன்கரணை என்று சொன்னால் சென்னைக்காரர்களிலேயே பாதிப்பேர், ‘அது எங்கப்பா இருக்கு?’ என்பார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரத்தைத் தாண்டி, பெருங்களத்தூர் வருவதற்குள் ஏரியோடு ஒரு ஊர் வருமே, அதுதான். எங்கள் ஊர். 2021ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் ஊரையாவது தெற்கே போகிற பஸ்ஸின் ஜன்னல் சீட்டுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். ஜும்ரி தலையாவை யார் பார்த்தது? ஆனால், ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருந்த வட இந்தியர் அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் மனப்பாடம். அன்றைய பீகாரில், இன்றைய ஜார்க்கண்டில், மைக்கா வெட்டியெடுக்கிற வட்டாரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். ‘இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர்கள்’ என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தால், நாலு பெயருக்கு ஒரு பெயராவது அங்கிருந்து வரும். ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சப் போட்டி போட்டுக்கொண்டு கார்டு எழுதினார்கள். கடைசியில் பல பேர், ‘இப்படி ஓர் ஊரே கிடையாது, ரேடியோக்காரன் சும்மா அடிச்சு விடறான்’ என்றே நம்பிவிட்டார்களாம்!

எதற்காக இவ்வளவு கார்டு? நம்மைப் போன்ற ரசிகர்களுக்கு, ‘இந்த வருஷம் எது நல்ல பாட்டு?’ என்ற கேள்வி ஒரு தீராத நோய். டிசம்பர் வந்தால் போதும். டீக்கடை, காலேஜ் கேன்டீன், மின்சார ரயில் என்று எங்கே பார்த்தாலும் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவோம். நீங்களும் போட்டிருப்பீர்கள். நான் பி.காம். படித்தவன். அதனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும், ‘கணக்கு எழுதினது யாரு, வவுச்சர் எங்கே?’ என்று கேட்கத் தோன்றும். அப்படித் தேடிக்கொண்டு போனால், கதை 1952ல் கொண்டுபோய் விடுகிறது.

அந்த வருஷம் நவம்பர் 14. லண்டனில் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’ என்ற வாரப் பத்திரிகை, பிரிட்டனின் முதல் பாட்டுத் தரவரிசையை வெளியிட்டது. பெர்ஸி டிக்கின்ஸ் என்பவர் சுமார் 20 ரெக்கார்டு கடைகளுக்கு போன் போட்டார். ‘இந்த வாரம் எது நல்லா போச்சு?’ என்று கேட்டு எழுதிக்கொண்டார். அல் மார்ட்டினோ பாடிய ஒரு பாட்டுக்கு முதலிடம். டிக்கின்ஸ் விமர்சகர் இல்லை ஸார், விளம்பரப் பிரிவு ஆசாமி. இந்தப் பட்டியலைக் காட்டினால் ரெக்கார்டு கம்பெனிகள் விளம்பரம் தருவார்கள் என்பது அவருடைய கணக்கு. ஆக, அங்கே பேரேடு கடைக்காரன் கையில்.

சரியாக 19 நாள் கழித்து, டிசம்பர் 3ஆம் தேதி, நம் பக்கத்தில் இன்னொரு பேரேடு திறந்தார்கள். அதை எழுதியது வேறு ஆள்.

அதற்கு முன்னால் ஒரு மந்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பி.வி. கேஸ்கர். 1952ல் நேரு அமைச்சரவையில் தகவல் ஒலிபரப்பு மந்திரி ஆனார். சாஸ்திரீய சங்கீதப் பிரியர். சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கு அளவு வைத்தார். படத் தயாரிப்பாளர்களோடு தகராறு முற்றி, பாட்டே சுத்தமாக நின்றுபோனது. ஜனங்கள் என்ன செய்வார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போனார்கள்.

ரேடியோ சிலோனிடம் ஒரு பெரிய சொத்து இருந்தது. இரண்டாம் உலகப் போரில், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைகளுக்காக வெள்ளைக்காரன் நிறுவிய வானொலி, போர் முடிந்து கொழும்பு கையில் வந்து சேர்ந்தது. சிற்றலையில் இமயமலை வரைக்கும் கேட்கும். போதாததற்கு, விளம்பரமும் வாங்குவார்கள். கேஸ்கர் கதவை இழுத்துச் சாத்தியது, கொழும்புக்கு அடித்த லாட்டரி!

பினாகா டூத் பேஸ்ட் விற்ற சிபா கம்பெனி, அங்கே அரை மணி நேரம் வாங்கியது. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, டேப்பை கொழும்புக்கு அனுப்பினார்கள். தொகுத்து வழங்க, சம்பளம் அதிகம் கேட்காத ஓர் இளைஞர் தேவைப்பட்டார். அமீன் சயானிக்கு அப்போது 20 வயதுகூட முடியவில்லை. ‘பினாகா கீத்மாலா’ பிறந்தது.

ஆரம்பத்தில் அது ஒரு போட்டிதான். ஏழு பாட்டு போடுவார்கள். சரியான வரிசையில் அடுக்கி எழுதினால் 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்று சயானி பிற்பாடு சொன்னார். அது ஏறி ஏறி வாரத்துக்கு 65,000 ஆனது. மூட்டை மூட்டையாக! பிரிக்கவே ஆள் பற்றாது. தாக்குப்பிடிக்க முடியாமல், 1954 கடைசியில் போட்டியை நிறுத்திவிட்டு, பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தி, கடைசிப் படியிலிருந்து முதல் படிக்கு ஏறுகிற மாதிரி மாற்றினார்கள். வருஷக் கடைசியில் ஆண்டுப் பட்டியல் என்று தனி விசேஷம்.

இங்கேதான் சிக்கல். லண்டன் மாதிரி கடைகளைக் கேட்டுப் பார்த்தார்கள். கணக்கு உதைத்தது. ரொம்பப் பிரபலமான பாட்டின் ரெக்கார்டு முதல் வாரமே தீர்ந்துவிடும். அடுத்த வாரம் சரக்கு இல்லை, விற்பனை பூஜ்யம். ஊரே முணுமுணுக்கிற பாட்டு பட்டியலில் கீழே கிடக்கும். தவிர, கடைக்காரரைக் கவனித்துக்கொண்டால் எந்தப் பாட்டையும் மேலே தூக்கலாம். அதனால் சயானி குழு, கடைகளோடு சேர்த்து இன்னொரு கணக்கும் வாங்கியது. ஊர் ஊராக இருந்த ரேடியோ ரசிகர் மன்றங்களின் பட்டியல். வாராவாரம் கூடிப் பேசி, சண்டை போட்டு, ‘எங்கள் ஊர் வரிசை இது’ என்று கார்டில் எழுதிப் போட்டார்கள். ரெக்கார்டு வாங்கக் காசில்லாத, கிராமபோனே இல்லாத ஆசாமிகளும் அதில் உண்டு. கடைக் கணக்கில் அவர்கள் வரவே மாட்டார்கள். கார்டுக் கணக்கில் வந்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்ச் சேவையில் மயில்வாகனன், அப்புறம் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத். இந்த மூன்று பெயரைக் கேட்டதும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறதா பாருங்கள். பாட்டு மூன்று நிமிஷம். அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் மூச்சு விடாமல் வரும். தன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எத்தனை! 1957 அக்டோபர் 3ஆம் தேதி டெல்லி இறங்கி வந்து விவித் பாரதியை ஆரம்பித்த பிறகும், இலங்கையை விட்டு ஜனங்கள் முழுசாகத் திரும்பவில்லை.

அப்புறம் வந்தது கேசட். பிலிப்ஸ் 1963லேயே கண்டுபிடித்துவிட்டது என்றாலும், நம் தெருவுக்கு வர 1980கள் ஆனது. துபாயிலிருந்து வந்தவர் கையில் ஒரு டூ-இன்-ஒன் இருக்கும். அவர் வீட்டுத் திண்ணை அன்றைக்கு சபா. அதுவரை பாட்டைக் கேட்க மட்டும்தான் முடியும். இப்போது பதியவும் முடியும். முக்குக்கு முக்கு ‘ரெக்கார்டிங் சென்டர்’ முளைத்தது.

இருபத்தைந்து வயசுக்குள் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபது நிமிஷ கேசட்டோ, தொண்ணூறோ, வெற்றாக வாங்கிக்கொள்ள வேண்டியது. ஒரு வெள்ளைத்தாளில் நமக்குப் பிடித்த பாட்டுகளை ‘ஏ’ சைடு, ‘பி’ சைடு என்று வரிசை போட்டுக் கடையில் கொடுக்க வேண்டியது. இரண்டு நாள் கழித்துப் போனால் கேசட் தயார். கடைசிப் பாட்டு மட்டும் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அது தொழில் தர்மம்! தாம்பரத்தில் என் அண்ணன் பதியக் கொடுத்த கடையில், எந்தப் பாட்டை எத்தனை பேர் எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது அந்த முதலாளிக்கு அத்துப்படி. அந்த ஏரியாவின் ‘டாப் டென்’ அவர் விரல்நுனியில் இருந்தது. எந்தக் கம்பெனியும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. ஏனென்றால், அவர் செய்துகொண்டிருந்தது சட்ட விரோதம். 1984ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை ஜெயில், 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம் என்று கடுமையாக்கியிருந்தார்கள். இசையமைப்பாளருக்கும் கம்பெனிக்கும் அதில் நஷ்டம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம், அந்த வெள்ளைத்தாள்களைவிட நேர்மையான வாக்குச்சீட்டு அந்த ஊரில் கிடையாது. காசு கொடுத்து, வரிசை போட்டு, கையெழுத்தில் எழுதிய ஓட்டு.

1992 ஓர் உதாரணம். ஆகஸ்டில் ‘ரோஜா’ வந்தது. தீபாவளிக்கு ‘தேவர் மகன்’. இரண்டுக்கும் முன்பே ரஜினி ரசிகர்களுக்கு, தேவா இசையில் ‘அண்ணாமலை’. வருஷக் கடைசியில் ‘இந்த வருஷத்து பெஸ்ட்’ என்று ஒரு கேசட் பதிய வேண்டும், காசு எல்லோரும் போடுவது என்று எங்கள் தெரு அண்ணன்கள் முடிவு செய்தார்கள். ‘ஏ’ சைடு முதல் பாட்டு யாருடையது? அதில்தான் சண்டை. அது யாரென்றே தெரியாத ஒரு சின்னப் பையனுக்கு, ராஜாவுக்கு மேல் இடமா என்று ஒரு கட்சி. ‘காதைக் கழுவிட்டுக் கேளுடா’ என்று இன்னொரு கட்சி. நான் பள்ளிக்கூடப் பையன், ஓட்டு கிடையாது. கடைசியில் இரண்டு கேசட்டாகப் பதிந்தார்கள்.

சின்னப்பிள்ளைத்தனம் என்று சிரிக்காதீர்கள். அந்த வருஷப் படங்களுக்கான தேசிய விருதுக் குழுவிலும் இதே சண்டைதான். இரண்டு பேருக்கும் சரிசமமாக ஓட்டு விழுந்து, தலைவராக இருந்த பாலு மகேந்திராவின் ஓட்டு ஏ.ஆர். ரஹ்மான் பக்கம் விழுந்தது. முதல் படத்துக்கே விருது. இத்தனைக்கும் பாலு மகேந்திரா, தன் பெரும்பாலான படங்களுக்கு இளையராஜாவிடமே போனவர்.

கடைக்காரன் கணக்கு எவ்வளவு தூரம் பொய் என்பது அதற்கு முந்தைய வருஷம்தான் அமெரிக்காவில் அம்பலமாகியிருந்தது. அங்கே ‘பில்போர்ட்’ பத்திரிகையின் ஆல்பம் பட்டியல் ரொம்பப் பெரிய விஷயம். கடைகளில் ஆட்கள் சொல்லும் தகவலை வைத்து வாராவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1991 மே மாதம், பில் போடும்போது ‘பீப்’ என்று கத்துமே, அந்தப் பார்கோடு விற்பனையை நேரடியாகக் கணக்கெடுக்கும் சவுண்ட்ஸ்கேன் முறைக்கு மாறினார்கள். ஒரே வாரத்தில் பட்டியல் தலைகீழ்! கிராமத்து ஆட்கள் கேட்கும் கன்ட்ரி இசை விறுவிறுவென்று மேலே வந்தது. கறுப்பின இளைஞர்களின் ராப் இசைக்குழு என்.டபிள்யூ.ஏ.வின் ஆல்பம் ஜூன் மாதம் முதலிடத்துக்கே போனது. அந்த இசையை வாங்கியவர்கள் திடீரென்று ஒரே ராத்திரியில் பிறந்துவிடவில்லை. அதற்கு முன்னாலும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கவுண்டரில் நின்றவர் அவர்களை எழுதவில்லை, அவ்வளவுதான்.

பிரிட்டனில் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தவர் ஜான் பீல். பி.பி.சி. ரேடியோ 1ல் ராத்திரி நிகழ்ச்சி நடத்தியவர். 1976லிருந்து வருஷக் கடைசியில் நேயர்களின் ஓட்டை வாங்கி ‘ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி’ என்று 50 பாட்டுப் பட்டியல் போட்டார். எந்தக் காலத்துப் பாட்டுக்கும் ஓட்டுப் போடலாம் என்றிருந்ததால், திரும்பத் திரும்ப அதே பழைய பாட்டுகள் மேலே உட்கார்ந்தன. 1982ல், அந்த வருஷத்துப் புதுப் பாட்டுக்கு மட்டும்தான் ஓட்டு என்று விதியை மாற்றினார். நல்ல காரியம். நம் ஊரில் எந்த ஓட்டெடுப்பு வைத்தாலும் ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ கோஷ்டி ஜெயித்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

நேயர் ஓட்டின் உச்சம் 2002 டிசம்பர். பி.பி.சி. உலக சேவை தன் 70வது பிறந்த நாளுக்காக, உலகத்தின் தலைசிறந்த பத்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஓட்டு. முடிவைப் பார்த்து லண்டன் பத்திரிகைகளே திகைத்தன. பத்தாவது இடம்தான் குயீன் குழுவுக்கு. எட்டாவது ஷேர். நான்காவது, ‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’! ஐந்தாவது இடத்தில், திருமலைச் சந்திரன் பாடிய ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ என்ற ஈழத்துப் பாட்டு. சினிமாப் பாட்டுகூடக் கிடையாது.

உடனே, ‘ஆள் சேர்த்துக் குத்திய ஓட்டு’ என்றார்கள். உண்மைதான். ஈ-மெயில் அனுப்பி அனுப்பி, புலம்பெயர்ந்த தமிழர்கள் ஓட்டுச் சேர்த்தார்கள். முதலிடத்துக்கு வந்த ஐரிஷ் பாட்டுக்கும் அதே கதைதான். ஆடிட்டர் பேனாவை வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டியல் தேறாது. ஆனால், யாழ்ப்பாணத்திலோ டொரன்டோவிலோ பாரிஸிலோ அந்தப் பாட்டைக் கேட்டு அழுதவர்களை, உலகத்தின் வேறு எந்தக் கடைப் பட்டியல் எண்ணியிருந்தது? ஜும்ரி தலையாக்காரர்களும் இதே கள்ள ஓட்டைத்தான் வருஷக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானாக இருந்தால் செல்லும் என்றே தீர்ப்பு எழுதுவேன்.

இப்போது கேட்கவே வேண்டாம். நாம் எழுதிப் போடக் காத்திருப்பதில்லை. டிசம்பர் வந்தால் போனே, ‘இந்த வருஷம் உங்களுக்குப் பிடித்தவை இவை’ என்று நமக்கு நம் பட்டியலைக் காட்டுகிறது. நண்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்கிறோம். சண்டைதான் குறைந்துவிட்டது. மிஷினோடு என்ன சண்டை போட?

கீத்மாலா 1989ல் விவித் பாரதிக்கு மாறி, 1994ல் முடிந்தது. அமீன் சயானி 2024 பிப்ரவரி 20ஆம் தேதி, 91 வயதில் காலமானார். அந்தக் காலத்து ஹெச்.எம்.வி.தான் இன்றைய சரிகமா. அவர்கள் 2017ல் பழைய ரேடியோ வடிவத்தில், 5,000 பாட்டுகளை அடக்கிய ‘கார்வான்’ பெட்டியைக் கொண்டுவந்தார்கள். சக்கைப்போடு போட்டது. அதில் சயானி குரலோடு கீத்மாலாவும் உண்டு. வருஷம் வருஷமாக வரிசை போட்ட பாட்டுகள். சரிகமாவின் கணக்குப் புத்தகத்தில் அது இன்று சொத்து. அந்த வரிசையைப் போட உட்கார்ந்து எழுதியவர்கள், கார்டையும் தங்கள் காசில்தான் வாங்கினார்கள்.