பொட்டி ஓடுது, ஆனா...

புனேயில பொட்டி தட்டுறவங்கிறதால, பழைய ப்ராசஸரை ஏன் கைவிடறாங்கன்னு அடிக்கடி என்னைக் கேக்கறாங்க. 386ல இருந்து ஆரம்பிப்போம்.

1991ல பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன்னோட 386 பொட்டிக்காக எழுத ஆரம்பிச்சதுதான் லினக்ஸ். அதே லினக்ஸ், 2012 டிசம்பரில் 386 ஆதரவைத் தூக்கிடுச்சு. டோர்வால்ட்ஸ் கண்கலங்கலாம் இல்லை, அந்த மாதிரி பாசமெல்லாம் தனக்குக் கிடையாதுன்னுட்டார். பிறந்த வீட்டையே இடிச்ச மாதிரி இல்ல?

ஆனா காரணம் நியாயமானது. நினைவகத்துல இருக்கிற மதிப்பை ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினா மட்டும் ஒரே மூச்சில் மாத்துற கட்டளை ஒண்ணு 1989ல வந்த 486ல இருக்கு. பல ப்ராசஸர்கள் ஒரே நினைவகத்தைப் பங்கு போடும்போது இது இல்லாம கஷ்டம். 386ல இது கிடையாது. எழுதக்கூடாதுன்னு பூட்டின பக்கத்துல கெர்னல் தவறி எழுதினாலும் அது தடுக்காது. இந்தக் குறைகளுக்காகத் தனியா நிரல் எழுதி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதையும் கட்டி மேய்க்கணும். 1985ல வந்த சிப்புக்கு 27 வருஷம் உழைச்சாச்சு, போதாதா? (விண்டோஸ் என்.டி. 4.0 1996லயே 386க்கு டாட்டா காட்டிடுச்சு.)

ஆப்பிள் இவ்வளவு பொறுமையா இருக்கலை. 2006 ஆகஸ்ட் வரை வித்த பவர் மேக் ஜி5ல, 2009ல வந்த ஸ்னோ லெப்பர்ட் ஏறாது.

விண்டோஸ் 11 கதைதான் எனக்கு உறுத்துது. 2021 அக்டோபரில் வந்தது. இன்டெல்னா எட்டாம் தலைமுறை வேணுமாம். ஏழாம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் வந்ததே 2017 ஜனவரியில்தான்! பாதுகாப்புக்காகன்னு சொன்னாங்க, டி.பி.எம். 2.0 கேட்டாங்க. ஏழாம் தலைமுறைப் பொட்டிகள் பலவற்றில் அதுவும் இருக்கு. அப்புறம் அந்தத் தலைமுறையில சிலதுக்கு மட்டும் விலக்கு. அதுல ஒண்ணு ஐ7-7820ஹெச்.க்யூ. மைக்ரோசாஃப்ட் தானே வித்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2ல இருக்கிறதும் இதே சிப்புதான் :-)

2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சது. நம்மில் பலர் ஊர்ல அப்பா அம்மாவுக்குக் கொடுத்துட்டு வந்த லேப்டாப் இந்த வயசுதான். வீடியோ கால், பேங்க் வேலை எல்லாம் அதுலதான். 64 பிட் சிப்புதானே, லினக்ஸ் அதுல நல்லாவே ஓடும். தமிழ்த் தட்டச்சும் உண்டு. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ ஒரு பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.