மதகுக் காவலர்கள்

காவேரிப்பாக்கத்து ஏரிக்கரையில் ஒரு மாலை நின்றுகொண்டிருந்தேன். பாலாற்று அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் பழம்பெரும் ஏரி அது. பல்லவர் காலத்தது என்பார்கள். மதகு பார்க்கும் பெரியவரிடம், "கதவைத் தூக்குவது கஷ்டமா ஐயா?" என்று கேட்டேன்.

"தூக்கறதுல என்னங்க கஷ்டம்? தூக்கக் கூடாத நேரம் தெரியணும்" என்றார்.

வழியில் ராணிப்பேட்டையின் தோல் நெடி இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. தோலுக்கு உறுதி தருவது கொல்லாஜென் என்ற புரதம். மூன்று புரி திரித்த கயிறு போன்ற அதன் அமைப்பை, 1954-55-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னார்கள். சரி, புரதம் என்ற நூலை உயிரணு நூற்கத் தொடங்குவது எப்படி? அதற்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கி, பிறகு உயிரியலுக்குத் தாவியவர். அமெரிக்காவில் ஏறத்தாழ ஐம்பது கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. நம் ஊரில் என்றால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்போம்! அவர் ரிபோசோமை விடவில்லை. 1999-இல் கேம்பிரிட்ஜ் போனார். மறு வருஷமே, வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரிபோசோமில் சிறிய பாதியை அணு அணுவாகப் படம் பிடித்துவிட்டார்.

ரிபோசோமுக்கு இரண்டு பாதிகள். செய்தி தாங்கிய ஆர். என். ஏ. முதலில் சிறிய பாதியில்தான் வந்து படியும். பாக்டீரியாக்களில் தொடக்கச் சொல்லுக்குச் சற்று முன்னால் ஓர் அடையாளம் உண்டு. அதை 1974-இல் ஷைனும் டல்கார்னோவும் காட்டினார்கள். ஆனாலும் உடனே வேலை துவங்கிவிடாது. மூன்று புரதங்கள் காவல் நிற்கின்றன. ஒன்று, பெரிய பாதி அவசரப்பட்டு வந்து ஒட்டாமல் தடுக்கிறது. ஒன்று, முதல் அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் ஆர். என். ஏ.வை இடத்தில் உட்கார வைக்கிறது. எழுபது சொச்சம் அமினோ அமிலங்களே கொண்ட மூன்றாவது பொடியன், அடுத்த ஆசனத்தில் யாரும் ஏறாதபடி தானே உட்கார்ந்துகொள்கிறான்! 2001-இல் ராமகிருஷ்ணன் குழு அவனையும் படம் பிடித்தது. அவன் உட்கார்ந்ததும் ரிபோசோம் ஆர். என். ஏ.யின் இரண்டு எழுத்துகள் புரண்டு வெளியே வந்து பள்ளங்களில் புதைந்திருந்தன. எல்லாம் ஒழுங்கானபின் பெரிய பாதி வந்து சேரும், காவலர்கள் விலகுவார்கள், நூற்பு ஆரம்பமாகும்.

2009-இல் நோபல் பரிசு, ஸ்டைட்ஸுடனும் அடா யோனத்துடனும் பகிர்ந்து கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது வேறொரு படம். ஸ்டிரெப்டோமைசின் அந்தச் சிறிய பாதியை எங்கே பிடித்துப் பிழை செய்ய வைக்கிறது என்பதை 2000-இலேயே அவர்கள் காட்டியிருந்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது பெரியப்பாவுக்குக் காசநோய். அந்த ஊசிதான் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார், காது மட்டும் மந்தமாகிவிட்டது. கடைசிவரை அவரிடம் நாங்கள் உரக்கத்தான் பேசுவோம்.