லயத்துக்கும் பள்ளிக்கும் இடையே



மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் முன்னாளிற் பொழுது விடிந்ததை அறிவித்தது தப்பு. இருள் பிரியுமுன்னர் அவ்வொலி எழும். ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்திற்கு விரைவர். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில் ஒரு கிழவியின் பொறுப்பில் விடப்படும். ஓடியாடும் பிள்ளை, பள்ளிக்கூடம் இருக்குமாயின், அங்கே செல்லும். இவ்விரண்டிலும் சேராத பிள்ளை ஒன்றுண்டு. காது கேளாதது, கண் தெரியாதது, கால் வழங்காதது, வயதுக்கேற்ற அறிவு வளராதது என்று அதனைப் பலவாறு குறிப்பர். அது பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்துக் காம்பராவிலேயே இருந்துவிடும். அதற்குக் காவலாக மூத்த பெண்பிள்ளையும் வீட்டில் நிறுத்தப்படும். ஒரு பிள்ளையின் குறையால் இரு பிள்ளைகள் பள்ளியை இழந்தனர்.

இத்தகைய பிள்ளையின் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே நெடுங்காலம் உறவு ஏற்படாதிருந்தது ஏன், பின்னர் அது எவ்வாறு அரும்பலாயிற்று என்பதே இன்றைய பேச்சின் பொருள். பெற்றோரின் அறியாமையே காரணம் எனச் சொல்லிவிடுதல் எளிது, பலர் சொல்லியுமிருக்கின்றனர். வரலாற்றைப் புரட்டிப் பார்க்குமிடத்து அவ்வாறு தோன்றவில்லை.

தோட்டத்துக் கல்வி கோப்பிக் காலத்திலேயே முளைத்தது. 1854இல் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன் என்னும் கிறிஸ்தவ சபை தோட்டங்களிற் சில பள்ளிகளை நடத்திற்று. ஆனால் கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் தொழிலாளர் பலர் தமிழகத்துத் தம் ஊர்களுக்கே திரும்பினர். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை மலைகளைப் பிடித்துக்கொண்டது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் நிலைத்தன. லயங்களிற் பிள்ளைகள் பெருகினர். அவர்களை என்செய்வது என்னும் வினாவும் எழுந்தது.

அதற்கு அரசாங்கம் அளித்த விடை 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம். ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கவும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிச் செப்பனிட்டு வைக்கவும் தோட்டத்துரை கடமைப்பட்டவர் என்று அச்சட்டம் விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அக்கடமையை வலியுறுத்திற்று. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. சட்டம் துரையோடு பேசிற்று, பரிசோதகரோடு பேசிற்று, தாய் தந்தையரோடு பேசவில்லை. பள்ளி துரையினுடையது, ஆசிரியர் துரையின் சம்பளக்காரர். பள்ளியைப் பற்றிக் கேட்க வேண்டுமாயின் பெற்றோர் கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோதான் போய் நிற்கவேண்டும். நல்ல கண்ணும் காலும் உடைய பிள்ளைக்கே அதுதான் நிலையென்றால், கை கால் விளங்காத பிள்ளையின் தாய் எந்த வாசலிற் போய் என்னவென்று கேட்பாள்?

1947இற் கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது, பாடசாலை வயதுப் பிள்ளைகள் 27 பேருக்கு மேலுள்ள தோட்டங்களிற் பள்ளிக் கட்டடம் அமைத்துக் கொடுக்கவேண்டும் என ஏற்பாடாயிற்று. தலையெண்ணிக்கைதான் கணக்கு. லயத்து மூலையிற் சாக்கின்மேற் கிடக்கும் பிள்ளையையும் எவரேனும் அந்த 27இற் சேர்த்து எண்ணியிருப்பரா என நான் பலமுறை எண்ணியதுண்டு. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழரிற் பெரும்பாலார் உரிமையிழந்தனர். வாக்கில்லாத பெற்றோருக்காகச் சட்டசபையில் எழுந்து வினாவுவார் அரியராயினர்.

இனி, நாட்டின் மற்றொரு புறத்தைப் பார்ப்போம். 1912இல் மேரி சாப்மன் என்னும் ஆங்கிலப் பெண்மணி தெகிவளையிற் செவிப்புலனும் விழிப்புலனும் அற்ற பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். இலங்கையில் இத்துறையில் அதுவே முதற் பள்ளி. பின்னர் 1920இல் இரங்கூனிலும் அவர் ஒரு பள்ளியை நிறுவினார். 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை எழுந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தம் மொழியிற் கற்க ஓர் இடம் வாய்த்தது. இவை செய்த பணியைக் குறைத்துக் கூற எவர்க்கும் நா எழாது. எனினும் இவை விடுதிப் பள்ளிகள். பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று வளர்த்துத் திருப்பித் தருவதே இவற்றின் முறை.

அட்டனிலிருந்து கைதடிக்குப் போவதென்றால், மலைநாட்டுப் புகையிரதத்திலேறிப் பொல்காவலையில் இறங்கி, வடபகுதி வண்டிக்குக் காத்திருந்து, இராப்பகலாகப் பிரயாணஞ் செய்யவேண்டும். கூட்டிச் செல்பவருக்குப் பல நாட் ‘பேர்’ போய்விடும். தோட்டத்திற் பேர் என்பது ஒருநாட் சம்பளம். இவ்வளவும் செய்து சேர்த்துவிட்டாலும், பிள்ளை அங்கே கையாற் பேசக் கற்கிறது. தாய்க்கோ அக்கைமொழி தெரியாது. விடுமுறைக்கு வந்த பிள்ளை தன் வீட்டிலேயே விருந்தாளி போலிருக்கும். வீட்டையும் பள்ளியையும் இணைக்காமல் பிள்ளையை மட்டும் இடமாற்றுவதன் விளைவு இதுவேயாம். போர்க்காலத்தில் அவ்வழியும் அடைபட்டது. 1990இல் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இலேதான் மீண்டும் ஓடிற்று.

துரைமாரின் தாய்நாட்டில் மட்டும் நிலை மேம்பட்டிருந்ததோவெனின், அதுவுமில்லை. கடுமையான மூளைவளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைகளைக் ‘கற்பிக்கவொண்ணாதவர்’ எனப் பள்ளிக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் இங்கிலாந்தில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் ஒழிந்தது. 1978இல் வெளிவந்த வார்னக் அம்மையார் குழுவின் அறிக்கை, ‘பெற்றோர் பங்காளிகள்’ எனத் தனி அதிகாரமே வகுத்து, பிள்ளையை அறிந்தவர் பெற்றோர், அவரைக் கலவாமற் பள்ளி எதனையும் துணியலாகாது என்று வற்புறுத்தியது.

அதே காலத்திற் பிறிதொரு முயற்சி நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையதாய் எழுந்தது. குறையுள்ளோர்க்கு அவர்தம் வீட்டிலும் ஊரிலுமே பயிற்சி அளிக்கும் முறையை உலக சுகாதார தாபனம் 1970களின் இறுதியில் வகுக்கத் தொடங்கிற்று. அதற்கான கைந்நூலை ஆக்கியோருள் ஒருவர் இலங்கையரான பத்மானி மெண்டிஸ் அம்மையார், இயன்மருத்துவத் துறையினர். நூலைப் பரீட்சித்துப் பார்த்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1989இல் அது நிறைவடிவம் பெற்றது. அந்நூலின் அமைப்பிலேயே அதன் கருத்து விளங்கும். முப்பது பயிற்சிப் பொதிகள் உள. அவை வைத்தியரை நோக்கி எழுதப்படவில்லை. பிள்ளையோடு வாழும் வீட்டாரை நோக்கி, படங்களோடு, எளிய நடையில் எழுதப்பட்டவை. பிள்ளையை எவ்வாறு நிமிர்த்தி உட்காரவைப்பது, எவ்வாறு தானே உண்ணப் பழக்குவது, காது கேளாத பிள்ளையோடு முகம்பார்த்து எவ்வாறு பேசுவது என்பன போன்றவற்றை ஒரு தாய் வாசித்தோ கேட்டோ செய்துபார்க்கலாம். பள்ளி ஆசிரியருக்கெனத் தனியானதொரு வழிகாட்டியும் அதனுடன் சேர்ந்ததாகும். தாய் கையிலொன்று, ஆசிரியர் கையிலொன்று. இரண்டும் ஒரே பிள்ளையைப் பற்றியன.

ஆனால் இம்முறை கிராமத்தை மனத்திற் கொண்டு பிறந்தது. தோட்டம் கிராமமன்று. வீடும் பாதையும் கம்பெனியினுடையன. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துப் பாதைக்குச் செலவிடத் தடையாக நின்றது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. பாதையைப் பற்றிய சட்டம் பள்ளியைப் பற்றிய பேச்சில் எதற்கு என்று வினவற்க. மலைச்சரிவிலுள்ள லயத்திலிருந்து வழுக்குங் கற்படிகளால் இறங்கிப் பள்ளிக்குச் செல்லவேண்டிய பிள்ளைக்குக் கால் வழங்காதெனின், அவ்வழியே முதற் பாடமாகிவிடுகிறது. ஐந்தாறு வயது வரை முதுகிற் சுமந்து வந்த தாயால், பத்து வயதுப் பிள்ளையைச் சுமக்க முடிவதில்லை.

1977 முதல் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. பின்னர் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியது. இவற்றுட் கட்டடங்களைக் காட்டிலும் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. லயத்திற் பிறந்த இளைஞரும் யுவதியரும் தோட்டப் பள்ளிகளில் ஆசிரியராக வந்தமையே அது. முன்னைய ஆசிரியரைக் கண்டால் தலைத்துண்டைக் கையிலெடுத்து ஒதுங்கி நின்ற பெற்றோர், இப்பொழுது “நம்ம லயத்துப் பிள்ளைதானே” என்று பேச வந்தனர். ஆசிரியையும் “அக்கா, தம்பி ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறானா?” என்று கேட்க இயன்றது. சுற்றறிக்கைகள் சாதியாததனை இவ்வுறவுமுறை சாதித்தது எனலாம்.

சட்டமும் துணைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறையைக் காரணங்காட்டிப் பள்ளி அனுமதியை மறுத்தலாகாது என்றது. 1997இல் ஐந்து முதற் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி விதிக்கப்பட்டு, 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகளும் உள. ஆயின் நேரம் என்னும் தடையைச் சட்டம் தொடவில்லை. பள்ளி காலையில் தொடங்கி நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் முடிகிறது. தாய் அதற்குமுன் மலைக்கேறி, மாலையிற் கொழுந்து நிறுத்தபின்பே இறங்குகிறாள். காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று ஓலை அனுப்பினால் அவள் எவ்வாறு வருவாள்? 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். அதனோடு 60 ரூபாய் வரவுக் கொடுப்பனவு. வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 வீதம் சமுகமளித்தவர்க்கே அக்கொடுப்பனவு உரியது. நோயுற்ற பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்த தாய்க்கு, பள்ளிக் கூட்டத்துக்கான அந்த ஒருநாளே எல்லைக்கோடாக நின்றிருக்கக்கூடும்.

ஆகவே, கூட்டம் ஞாயிற்றுக்கிழமை வைக்கப்படும்போதும், ஆசிரியர் மாலையிற் கொழுந்து மடுவத்தருகே போய் நிற்கும்போதும் பெற்றோர் வருகின்றனர். பிள்ளைக்காம்பராவை, இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் எனப் பெயர் பெற்ற அதனையும், இங்கே மறத்தலாகாது. எந்தக் குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை, எது காலத்தில் உட்காரவில்லை என்பதைத் தாய்க்கு அடுத்தபடியாக அறிபவர் அங்குள்ள ஆயாம்மாவே. அவர் அறிந்தது பள்ளிக்கூடம் வரை செல்வது அரிது. இரண்டுக்கும் இடையே பல தோட்டங்களிற் கூப்பிடு தூரமே உண்டு.

சனவரி மாதத்தில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பர். சேர்வு இடாப்பிற் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர், தொழில் ஆகியன எழுத இடமுண்டு. தாய் எத்தனை மணிக்கு லயத்துக்குத் திரும்புவாள் என்பதை எழுத இடமில்லை. அதனை ஆசிரியை தம் குறிப்பேட்டின் ஓரத்திலே எழுதிக்கொள்கிறார்.