குளிர்கால ஓய்வில் ஸ்போர்ட்ஸ் கார்

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1945 முதல் 1949 வரை உருவாகி, அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியான எம்ஜி டிசி போன்ற துணிக்கூரைக் கார்களை, அந்நாட்டின் வட மாநிலங்களில் பனிக்காலம் முழுவதும் கொட்டகையில் நிறுத்திவைக்கும் வழக்கத்துக்குக் கடுங்குளிரோடு, 1938இல் நியூ ஹாம்ப்ஷயரில் சோதனையாகத் தொடங்கிப் பின்னர் பரவிய, சாலைப் பனியை உருக்க உப்புத் தூவும் முறையும் காரணமாயிற்று; ஏனெனில் உப்புநீர் இரும்புத் தகட்டை விரைந்து அரிக்கும். அந்த ஓய்வு மாதங்களே செலவு குறைந்த பராமரிப்புக்குரிய பருவமாயின: எரிதலின் எச்சமான அமிலம் கலந்த பழைய என்ஜின் எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றுதல், பேட்டரியைக் கழற்றி அவ்வப்போது மின்னேற்றுதல், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரேக் திரவத்தை மாற்றுதல், கம்பி ஆரச் சக்கரங்களைத் துலக்குதல் ஆகியவை அப்பணிகளுள் சில. இவற்றை உரிமையாளரே செய்ய இடமளித்தது அக்கார்களின் எளிய கட்டமைப்பு. 1980இல் ஆபிங்டன் ஆலை மூடப்பட்ட பின்னரும் அவை சாலையில் நிலைத்திருப்பதில் இப்பொறுமையான கைவேலைக்குப் பெரும்பங்கு உண்டு.