பால்மரத்துக்கு முன்னால்

கோலாலம்பூரில் ஸ்பெஷல்டி காப்பி விற்கும் பல கடைகளில் இப்போது கோப்பையோடு ஒரு சின்ன அட்டையும் வருகிறது. நாடு, வட்டாரம், பண்ணையின் பெயர், கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், செடியின் ரகம், கொட்டையைக் கழுவிக் காயவைத்தார்களா, பழத்தோடு காயவைத்தார்களா என்பதுவரை அதில் இருக்கும். எத்தியோப்பியாவின் ஒரு மலைச்சரிவைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொண்டு குடிக்கிறோம். ஆனால் இந்தச் சிலாங்கூர் மண்ணே ஒரு காலத்தில் காப்பி மண்ணாக இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தமிழர்களுக்கு இது வெறும் பொது அறிவு விஷயமும் இல்லை. இந்த நாட்டுத் தோட்டங்களுக்கு நம் ஆட்களை முதலில் இழுத்துவந்தவை கரும்பும் காப்பியும்தான். ரப்பர் பிறகு வந்தது.

கருவிகளிலிருந்து தொடங்குகிறேன். பொறியியல் படித்தவனுக்குக் கை முதலில் அங்கேதான் போகும்.

1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண், காப்பியில் மண்டி தங்குவது பிடிக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஓட்டை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்து மையொற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்தார். தாள் வடிகட்டி அப்படிப் பிறந்தது. 1941இல் பீட்டர் ஷ்லும்போம் என்ற வேதியியலாளர் ஆய்வகப் புனலையும் குடுவையையும் ஒன்றாக்கி கெமெக்ஸை உருவாக்கினார். இன்று எல்லா மேசையிலும் இருக்கும் வி60 கூம்பைச் செய்யும் ஹாரியோ, 1921இல் டோக்கியோவில் ஆய்வகக் கண்ணாடிப் பொருட்களோடு தொடங்கிய நிறுவனம். வி என்பது கூம்பின் வடிவம், 60 அதன் கோணம். 2005இல் ஏரோபிரஸ்ஸைக் கொண்டுவந்த ஆலன் அட்லர், அதற்கு முன் வெகுதூரம் பறக்கும் வளைய விளையாட்டுப் பொருளை வடிவமைத்தவர்.

கவனித்தால், இவர்கள் யாரும் காப்பி வியாபாரத்தில் பிறந்தவர்கள் இல்லை. எல்லாருக்கும் இருந்த கேள்வி ஒன்றுதான்: கொட்டைக்கும் நாக்குக்கும் நடுவில் நிற்பதை எப்படிக் குறைப்பது? எம்ஐடியில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் 1950களில் இதற்கு ஒரு எண் கொடுத்தார். காப்பித் தூளின் எடையில் 18இலிருந்து 22 விழுக்காடு தண்ணீரில் கரைந்தால் சுவை சரியாக இருக்கும். குறைந்தால் புளிக்கும், கூடினால் கசக்கும். பாரிஸ்தா தராசில் 15 கிராம் தூளை வைத்து, 240 கிராம் தண்ணீரை மூன்று நிமிடத்தில் சுற்றிச் சுற்றி ஊற்றுவது பந்தாவுக்காக இல்லை. அந்த எண்ணுக்குள் நிற்பதற்காக.

இதற்கு நேர் எதிரில் இருக்கிறது நம் கோப்பித்தியாம். சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த கொட்டை, நீளமான துணிப்பை, கொதிக்கும் தண்ணீர், அடியில் ஒரு விரல் கெட்டிப்பால். ஸ்பெஷல்டி காப்பிக்காரர்கள் சிலர் இதைக் கேவலமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமே இல்லை. கையில் கிடைத்த விலை குறைந்த கொட்டையிலிருந்து ஒரு நல்ல பானத்தை வரவழைத்த கைத்திறன் அது. அந்த ரோபஸ்டா, லிபெரிகா கொட்டைகளின் முரட்டுத்தனத்தைச் சீனியால் அடக்கினார்கள். கூடவே கொட்டையின் சொந்தக் குரலும் அடங்கிப்போனது. எந்த ஊர், எந்த மரம் என்று யாரும் கேட்கவேண்டிய தேவை இல்லாமல் போனது.

அந்த லிபெரிகாதான் நம்முடைய கதை.

1869இல் சிலோன் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தெரிய ஆரம்பித்தது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் படியும் ஒரு பூஞ்சை. அடுத்த இருபது வருஷத்துக்குள் சிலோனின் காப்பித் தொழில் சரிந்துவிட்டது. பலர் தேயிலைக்கு மாறினார்கள். சில துரைமார்கள் கடல் தாண்டி மலாயாவுக்கு வந்தார்கள். ஹெஸ்லோப் ஹில் போன்றவர்கள் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் காடு வெட்டிக் காப்பி போட்டார்கள். அராபிகாவுக்கு மலைக் குளிர் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் லிபெரிகாவோ தாழ்நில வெக்கையிலும் வளரும், துருவையும் ஓரளவு தாங்கும். 1870களில் லண்டன் கியூ தாவரவியல் பூங்கா அதைப் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது.

துரைமார்கள் செடியை மட்டும் கொண்டுவரவில்லை, ஆள் பிடிக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள். சிலோன் காப்பித் தோட்டங்களில் ஊறி வளர்ந்த கங்காணி முறை அது. தோட்டத்தில் இருக்கும் ஒருவரே சொந்த ஊருக்குப் போய், சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார். வந்தவர் கடனோடுதான் லயத்துக்குள் காலெடுத்து வைப்பார். 1938இல் நின்றுபோகும்வரை மலாயாத் தமிழர் வாழ்க்கையை வடிவமைத்த அந்த ஏற்பாடு, ரப்பருக்கு முன்பே இங்கே வந்து இறங்கிவிட்டது. காடு வெட்டிய இடங்களில் மலேரியா கொத்துக் கொத்தாக ஆட்களைத் தின்றது. அது கொசுவால் பரவுகிறது என்பதை ரொனால்ட் ராஸ் கண்டுபிடிக்கவே 1897 ஆனது.

1888இல் பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. அங்கே உற்பத்தி தடுமாற, உலகச் சந்தையில் விலை ஏறியது. மலாயாவில் காப்பி அமோகமாகப் பரவியது அந்தச் சில வருஷங்களில்தான். ஆனால் பிரேசில் எழுந்துகொண்டது. அங்கே புதிதாக நட்டவை காய்க்க ஆரம்பித்ததும், 1890களின் பின்பாதியில் விலை தரைக்கு வந்துவிட்டது. போதாததற்கு, விட்டில் ஒன்றின் புழுக்கள் இங்குள்ள செடிகளை மொட்டையாக்கின.

இங்கே ஒரு வேடிக்கை. பங்சாரில் பழைய அச்சகக் கட்டடம் ஒன்றில் கடை போட்டு, இந்நகரத்தின் புதிய காப்பி ரசனைக்கு வழிவிட்டவற்றுள் ஒன்று, சிங்கப்பூரில் தொடங்கிய பாப்பா பல்ஹேட்டா. இப்போது பிபிபி காப்பி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பல்ஹேட்டா என்பவர் 1727இல் பிரெஞ்சு கயானாவிலிருந்து காப்பி விதையைக் கடத்திப் பிரேசிலில் சேர்த்ததாகச் சொல்லப்படும் போர்த்துகீசிய அதிகாரி. நம் காப்பியை வீழ்த்திய பிரேசிலுக்கு விதை கொண்டுபோனவர் பெயரில், பழைய காப்பி வட்டாரத்திலேயே ஒரு கடை! வரலாறு சில நேரம் இப்படியும் சிரிக்கும்.

விழுந்த காப்பிக்கு நடுவில்தான் ரப்பர் எழுந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் ரிட்லி பல வருஷமாக ரப்பர் விதையை வைத்துக்கொண்டு கண்ணில் பட்ட தோட்டக்காரர்களிடம் எல்லாம் மன்றாடிக்கொண்டிருந்தார். 1890களின் நடுவில் காஜாங் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பரை நட்டார்கள். அவர்களும் காப்பிக்காரர்கள்தான். பல தோட்டங்களில் காப்பி வரிசைகளுக்கு இடையிலேயே ரப்பர் கன்று வளர்ந்தது. மரம் நிழல் போட்டதும் காப்பி செத்தது. துரை அதே துரை, லயம் அதே லயம், பெரட்டு அதே பெரட்டு. காப்பிப் பழம் பறித்த கைக்குப் பால்வெட்டும் கத்தி வந்தது, அவ்வளவுதான்.

பால்மரம் வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவர் என் பாட்டி. காப்பித் தோட்டம் என்றால், "அது சிலோன்ல இல்ல இருந்துச்சு?" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. காப்பி இங்கே தழைத்தது இருபது வருஷம் போல, ரப்பரோ மூன்று நான்கு தலைமுறை. நம் நாவல்களும் சிறுகதைகளும் பால்மரக் காட்டிலிருந்தே பேசின. அதற்கு முந்தைய தலைமுறைக்கு எழுத ஆளில்லை. பலருக்குக் கங்காணியின் கடன் கணக்கைத் தவிர வேறு எழுத்துப் பதிவும் இருந்திருக்காது.

இப்போது லிபெரிகா திரும்பி வருகிறது. ஜொகூரில் சிலர் பழுத்த பழத்தை மட்டும் பறித்து, அந்தத் தடித்த சதையைக் கவனமாகப் புளிக்கவைத்து, சீனி இல்லாமல் மிதமாக வறுக்கிறார்கள். அதை வி60இல் வடித்தால் பலாப்பழ வாசனை தூக்கலாக வரும். சீரான அரவையும் தாள் வடிகட்டியும் தராசும் இல்லாமல் இந்தச் சுவை இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. நூறு வருஷம் சீனிக்குள் மூடிக்கிடந்த ஒன்றை இந்தக் கருவிகள் திறந்துவிட்டன. என்னைப் பொறுத்தவரை, பதினாறு வெள்ளி கொடுத்து ஒரு காப்பி குடிப்பதற்கு இது போதுமான காரணம்.

ஆனால் அட்டை இன்னும் முழுமையாகவில்லை. அதில் ரகம் இருக்கிறது, பண்ணை இருக்கிறது, முதலாளி பெயர்கூட இருக்கிறது. பறித்தவர் இல்லை. 1890இல் சிலாங்கூரில் பறித்தவர் பெயரும் எங்கும் இல்லை, அவர் நம் ஆள். இன்று எங்கோ ஒரு மலைச்சரிவில் கூடை கட்டிக்கொண்டு நிற்பவர் வேறு யாரோ ஒருவர். அடுத்த முறை பாரிஸ்தா அட்டையை நீட்டும்போது அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்வி முதலில் நம்மிடமிருந்து வருவதுதான் முறை.